கோட்டின் எந்தப் பக்கம்? – வாசகர் கேள்வி பதில்

இரு மாறிகள் கொண்ட நேரிய அசமன்பாடுகளைக் குறித்து மாணவர்கள், பெற்றோர், ஆசிரியர்கள், கணினி நிரல் எழுதுவோர் எனப் பல தரப்பினரும் அனுப்பிய கேள்விகளை இம்முறை ஒன்றாகத் தொகுத்து விடையளிக்கிறோம். எக்ஸ், ஒய் ஆகிய இரண்டின் மதிப்புகளை அதே வரிசையில் அடைப்புக்குறிக்குள் எழுதினால் அது ஒரு புள்ளியைக் குறிக்கும். அந்தப் புள்ளி கொடுக்கப்பட்ட அசமன்பாட்டை நிறைவு செய்கிறதா, இல்லையா என்பதுதான் வந்த கடிதங்கள் அனைத்திலும் ஏதோ ஒரு வடிவில் கேட்கப்பட்டிருக்கிறது. அசமன்பாட்டின் குறிக்குப் பதிலாகச் சமக்குறி போட்டால் கிடைக்கும் நேர்க்கோடே எல்லைக்கோடு; தீர்வாகும் புள்ளிகள் அதன் ஒரு பக்கத்தில் அமையும், அந்தப் பக்கத்தைத்தான் வரைபடத்தில் நிழலிட்டுக் காட்டுகிறோம்.

கேள்வி: 3எக்ஸ் − 2ஒய் < 12 என்பதை (2, −4) என்ற புள்ளி நிறைவு செய்கிறதா என்று பார்த்தேன். 6 − 8 = −2 என்று வந்தது. −2 என்பது 12-ஐ விடச் சிறியது என்பதால் 'ஆம்' என்று எழுதினேன். புத்தகத்தின் விடைப்பகுதியில் 'இல்லை' என்று இருக்கிறது. எங்கே தவறு? (ஒரு மாணவி)

பதில்: நீங்கள் பின்பற்றிய முறை சரியானது, ஒரு குறி மட்டும் நழுவிவிட்டது. ஒய்யின் மதிப்பு 4 அன்று, −4. அதற்கு முன்னால் ஏற்கெனவே ஒரு கழித்தல் குறி நிற்கிறது. மதிப்புகளை அடைப்புக்குறியோடு பிரதியிட்டால் 3(2) − 2(−4) என்று வரும். அது 6 + 8, அதாவது 14. இப்போது நம் முன் நிற்கும் கூற்று 14 < 12 என்பது. இது பொய். ஆகவே (2, −4) இந்த அசமன்பாட்டின் தீர்வன்று.

குறை எண் வரும் இடங்களில் முதலில் வெற்று அடைப்புக்குறிகளை எழுதிக்கொண்டு, அதாவது 3( ) − 2( ) < 12 என்று வைத்துக்கொண்டு, பிறகு அவற்றுக்குள் மதிப்புகளை நிரப்பும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். நேரம் சற்றுக் கூடினாலும் இந்தத் தவறு அநேகமாக வராது. வரிசையிலும் இதே கவனம் வேண்டும். (0, −7) என்ற புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். முறையாகப் பிரதியிட்டால் 0 + 14 = 14; 14 < 12 பொய். எண்களை இடம் மாற்றி, எக்ஸுக்கு −7, ஒய்க்கு 0 என்று வைத்துவிட்டால் −21 < 12 என்று வரும், அது உண்மை. ஒரே இரண்டு எண்கள்தான், ஆனால் விடை தலைகீழாகிவிடுகிறது.

இன்னொன்றையும் உங்கள் கடிதத்தை வைத்துச் சொல்லத் தோன்றுகிறது. '14 < 12' என்று விடைத்தாளில் எழுத நேரும்போது பல மாணவர்கள் திகைத்துப் போகிறார்கள்; பொய்யான ஒன்றை எழுதிவிட்டோமே என்று பயந்து, கணக்கை அழித்துவிட்டு வேறு விதமாகச் செய்யத் தொடங்குகிறார்கள். சமன்பாட்டைத் தீர்க்கும்போது கடைசியில் ஓர் எண் கிடைக்கும் என்று பழகிய மனத்துக்கு அது இயல்புதான். இங்கே நாம் தேடுவது எண்ணை அல்ல. பிரதியிட்ட பின் கிடைக்கும் கூற்று உண்மையா, பொய்யா என்ற முடிவைத்தான் தேடுகிறோம். '14 < 12 என்பது பொய். எனவே (2, −4) தீர்வன்று' என்று அந்தக் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். அதுவே முழுமையான விடை.

கேள்வி: எல்லைக்கோட்டின் மீதே அமைந்த புள்ளியைச் சில கணக்குகளில் தீர்வு என்கிறார்கள், சில கணக்குகளில் இல்லை என்கிறார்கள். மேலும், 5 ≤ 5 என்று எழுதுவது முறையா? ஐந்து ஐந்தைவிடச் சிறியது இல்லையே? (ஒரு மாணவர்)

பதில்: முறைதான். '≤' என்ற குறி 'சிறியது அல்லது சமம்' என்பதைச் சொல்கிறது. 'அல்லது' என்று இணைத்த கூற்றில் இரண்டில் ஒன்று உண்மையானாலே போதும். ஐந்து ஐந்துக்குச் சமம் என்பதால் 5 ≤ 5 உண்மை. 5 < 5 பொய். 3எக்ஸ் − 2ஒய் < 12 என்பதில் (4, 0)-ஐப் பிரதியிட்டால் 12 < 12 என்று வருகிறது, அது பொய். அதே கணக்கு 3எக்ஸ் − 2ஒய் ≤ 12 என்று கொடுக்கப்பட்டிருந்தால் அதே புள்ளி தீர்வாகிவிடும். இந்த வேறுபாட்டைக் காட்டத்தான் வரைபடத்தில் முதல் வகைக்கு விட்டுவிட்டு வரையும் கோடும், இரண்டாம் வகைக்கு முழுக்கோடும் போடுகிறோம்.

'<', '>' ஆகிய குறிகள் அச்சில் முதலில் வந்தது இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் ஹாரியட்டின் இயற்கணித நூலில். அவர் 1621-இல் மறைந்தபின், 1631-இல் அது வெளிவந்தது. சமமாக இருக்கும் நிலையையும் உள்ளடக்கிய குறியைப் பிரான்சின் பியர் பூகே 1734-இல் பயன்படுத்தினார். அவருடைய குறியின் அடியில் இரண்டு கோடுகள் இருந்தன. இன்று நாம் போடும் அந்த ஒற்றைக் கோட்டை அவசரத்தில் கவனிக்காமல் விட்டால், எல்லையின் மீதுள்ள புள்ளிகள் எல்லாவற்றுக்கும் விடை மாறிப்போகும்.

கேள்வி: கோட்டின் ஒரு பக்கத்தில் எண்ணற்ற புள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் ஒரே ஒரு புள்ளியைச் சோதித்துவிட்டு, அந்தப் பக்கம் முழுவதையும் நிழலிடச் சொல்லிக் கொடுக்கிறோம். மாணவர்கள் 'மற்ற புள்ளிகளைப் பார்க்க வேண்டாமா?' என்று கேட்டால், 'அதுதான் முறை' என்பதைத் தாண்டி என்ன சொல்வது? (ஓர் ஆசிரியர்)

பதில்: இந்தக் கேள்வியை ஒரு மாணவர் கேட்டுவிட்டால் அன்றைய பாடத்திட்டத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு அதற்கு நேரம் கொடுப்பது தகும். கணிதத்தில் 'எல்லாவற்றுக்கும்' என்ற சொல்லை எந்த உரிமையில் பயன்படுத்துகிறோம் என்பதை அவர் கேட்கிறார்.

2எக்ஸ் + 3ஒய் ≤ 12 என்பதை எடுத்துக்கொள்வோம். 12-ஐ இடப்பக்கம் கொண்டுவந்து, 2எக்ஸ் + 3ஒய் − 12 என்ற கோவையை மட்டும் பார்ப்போம். ஒரு புள்ளியில் இதன் மதிப்பு குறை எண்ணாகவோ பூச்சியமாகவோ இருந்தால் அந்தப் புள்ளி தீர்வு. மிகை எண்ணாக இருந்தால் தீர்வன்று. பூச்சியமாகும் புள்ளிகள் எல்லைக்கோட்டின் மேல் மட்டுமே இருக்கும். ஆதிப்புள்ளியில், அதாவது (0, 0)-இல், இதன் மதிப்பு −12. (3, 1) என்ற புள்ளியில் 6 + 3 − 12, அதாவது −3. இப்போது ஆதிப்புள்ளியிலிருந்து (3, 1) வரை நேர்க்கோட்டில் நகர்ந்து செல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். பாதி வழியில், (1.5, 0.5)-இல், மதிப்பு 3 + 1.5 − 12 = −7.5. இது −12, −3 ஆகியவற்றின் சரியான சராசரி. மூன்றில் ஒரு பங்கு வழியில், அதாவது (1, 1/3)-இல், −9. மதிப்பு சீரான வேகத்தில் −12-இலிருந்து −3-க்கு ஏறுகிறதே தவிர, இடையில் துள்ளுவதும் இல்லை, திரும்புவதும் இல்லை. இந்தச் சீரான மாற்றம் எந்த இரண்டு புள்ளிகளுக்கும் பொருந்தும். 'நேரிய' என்ற அடைமொழியின் பொருளும் இதுவே.

அடுத்து (6, 4) என்ற புள்ளிக்குப் போவோம். அங்கே மதிப்பு 12 + 12 − 12 = 12. ஆதிப்புள்ளியில் −12, இங்கே +12. சீராக மாறும் ஒரு மதிப்பு குறையிலிருந்து மிகைக்குப் போக வேண்டுமானால் வழியில் பூச்சியத்தைத் தொட்டே ஆக வேண்டும். நடுப்புள்ளியான (3, 2)-இல் 6 + 6 − 12 = 0 என்று அது பூச்சியத்தைத் தொடுகிறது, அந்த (3, 2) எல்லைக்கோட்டின் மீதே இருக்கிறது. ஆக, மதிப்பின் குறி மாற வேண்டுமானால் கோட்டைக் கடந்தாக வேண்டும். ஒரே பக்கத்தில் உள்ள இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோட்டுத்துண்டு எல்லைக்கோட்டைத் தொடுவதே இல்லை. எனவே அவ்விரு புள்ளிகளிலும் மதிப்பின் குறி ஒன்றாகத்தான் இருக்க முடியும். ஒரு புள்ளியைச் சோதித்தபோதே அதன் பக்கத்திலுள்ள எல்லாப் புள்ளிகளுக்கும் முடிவு தெரிந்துவிடுகிறது. எதிர்ப் பக்கத்திலும் சந்தேகத்துக்கு இடமில்லை: ஒரு பக்கப் புள்ளியிலிருந்து கோட்டின் மேலுள்ள புள்ளி வரை சீராக ஏறி வந்த மதிப்பு, அதே திசையில் தொடர்ந்தால் பூச்சியத்தைத் தாண்டி மேலேதான் போகும்.

இந்த நியாயத்தை மாணவர்கள் உண்மையாகவே உள்வாங்கினார்களா என்று அறிய, அது பொருந்தாத ஓர் எடுத்துக்காட்டைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். எக்ஸ் × ஒய் > 1 என்பது நேரிய அசமன்பாடு அன்று. (2, 2)-இல் 4 > 1, உண்மை. ஆதிப்புள்ளியில் 0 > 1, பொய். இதோடு நிறுத்திவிட்டு, '(2, 2) இருக்கும் பகுதி மட்டுமே தீர்வு' என்று நிழலிட்டால் (−2, −2) விடுபட்டுப் போகும். அங்கும் பெருக்கற்பலன் 4-தான். அந்த வளைகோடு இரண்டு கிளைகளாகப் பிரிந்து தளத்தை மூன்று பகுதிகளாக்குகிறது, அவற்றில் இரண்டு பகுதிகள் தீர்வாகின்றன. நேர்க்கோடு தளத்தை இரண்டே பகுதிகளாகப் பிரிப்பதால்தான் ஒரு சோதனையோடு நாம் நிறுத்திக்கொள்ள முடிகிறது.

கேள்வி: ஆதிப்புள்ளியை வைத்தே எப்போதும் சோதிக்கலாமா? (ஒரு மாணவர்)

பதில்: கோடு ஆதிப்புள்ளி வழியே செல்லாத வரை தாராளமாகச் சோதிக்கலாம்; பூச்சியங்களைப் பிரதியிடுவது எளிது. 2எக்ஸ் − 5ஒய் > 0 போன்றவற்றில் ஆதிப்புள்ளி கோட்டின் மேலேயே இருக்கிறது. 0 > 0 பொய் என்பதால் அந்தப் புள்ளி தீர்வன்று என்று தெரியும். எந்தப் பக்கத்தை நிழலிடுவது என்று தெரியாது. (1, 0)-ஐ எடுத்தால் 2 > 0 உண்மை, ஆகவே அது இருக்கும் பக்கம்.

கேள்வி: 'பெரியது என்றால் கோட்டுக்கு மேலே, சிறியது என்றால் கீழே' என்று என் மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எக்ஸ் − 2ஒய் > 4 என்பதற்கு அப்படிச் செய்து மதிப்பெண் இழந்துவிட்டாள். சொல்லிக் கொடுத்தது தவறா? (ஒரு தாய்)

பதில்: பாதி சொல்லப்பட்டிருக்கிறது. ஒய்யின் கெழு, அதாவது ஒய்யைப் பெருக்கி நிற்கும் எண், மிகை எண்ணாக இருக்கும்போது மட்டுமே அந்த விதி பொருந்தும். உங்கள் மகளின் கணக்கில் ஒய்யின் கெழு −2. ஒய்யைத் தனிமைப்படுத்தினால் −2ஒய் > 4 − எக்ஸ் என்று வரும். இரு பக்கங்களையும் −2-ஆல் வகுக்கும்போது குறி திரும்பி, ஒய் < (எக்ஸ் − 4)/2 என்றாகும். 2 < 5 என்பதன் இரு பக்கங்களையும் −1-ஆல் பெருக்கினால் −2 > −5 என்று ஆவதைப் போலத்தான் இதுவும். எண்கோட்டில் பூச்சியத்துக்கு வலப்புறம் தொலைவில் இருந்த எண், குறி மாறியதும் இடப்புறம் தொலைவுக்குப் போய்விடுகிறது. ஆகவே இங்கே தீர்வுப் பகுதி கோட்டுக்குக் கீழேதான் அமையும். பிரதியிட்டும் பார்க்கலாம்: எக்ஸ் 6 என்னும் இடத்தில் கோடு ஒய் = 1 என்ற உயரத்தில் இருக்கிறது. அதற்குக் கீழேயுள்ள (6, −3)-இல் 6 + 6 = 12 > 4, உண்மை. மேலேயுள்ள (6, 2)-இல் 6 − 4 = 2 > 4, பொய்.

எக்ஸ் ≥ 3 போன்றவற்றில் கோடு செங்குத்தாக நிற்பதால் மேல், கீழ் என்ற பேச்சுக்கே இடமில்லை. (3, −100) கூட அதன் தீர்வுதான், ஏனெனில் ஒய்க்கு அங்கே எந்தக் கட்டுப்பாடும் விதிக்கப்படவில்லை. குறுக்கு வழிகளை மனப்பாடம் செய்வதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளியைப் பிரதியிட்டு அதைச் சரிபார்த்துக்கொள்ளும்படி மகளிடம் சொல்லுங்கள். 'மேலே', 'கீழே' என்பவையெல்லாம் பிரதியிடலிலிருந்து பிறந்த விதிகள், இரண்டும் முரண்பட்டால் பிரதியிடலையே நம்ப வேண்டும்.

கேள்வி: 17எக்ஸ் − 12ஒய் ≤ 0 என்பதற்கு மிகக் கவனமாக வரைபடம் வரைந்தேன். (5, 7) என்ற புள்ளி கோட்டின் மேல் சரியாக விழுந்தது. 'சமம்' சேர்ந்திருப்பதால் அது தீர்வு என்று எழுதினேன். தவறு என்கிறார்கள். (ஒரு மாணவர்)

பதில்: பிரதியிட்டுப் பாருங்கள்: 85 − 84 = 1. 1 ≤ 0 பொய். புள்ளி கோட்டின் மேல் இல்லை. கோட்டுக்குக் கீழே, அதை ஒட்டி நிற்கிறது. எவ்வளவு நெருக்கம் என்பதையும் கணக்கிடலாம். கோட்டிலிருந்து புள்ளிக்குள்ள செங்குத்துத் தொலைவு, 1-ஐ 17, 12 ஆகியவற்றின் வர்க்கங்களின் கூடுதலுக்கு வர்க்கமூலம் கண்டு அதனால் வகுத்தால் கிடைப்பது; 289 + 144 = 433, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 20.8. ஆக, தொலைவு ஏறத்தாழ 0.048 அலகு. ஓர் அலகுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வரைந்திருந்தால் அது அரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. கூர்மையான பென்சில் கோட்டின் தடிமனே அவ்வளவு இருக்கும். உங்கள் வரைபடத்தில் குறையில்லை. கேட்ட கேள்விக்கு விடை சொல்லும் நுட்பம் எந்த வரைபடத்தாளுக்கும் கிடையாது. புள்ளி எல்லையிலிருந்து வெகு தொலைவில் இருக்கும்போது கண்ணை நம்பலாம். அருகில் வந்துவிட்டால் எண்களைத்தான் நம்ப வேண்டும்.

இதே இடத்தில் வேறொரு மயக்கத்தையும் நீக்கிவிடலாம். பிரதியிட்டுக் கிடைத்த 1 என்பது தொலைவு அன்று. அசமன்பாடு முழுவதையும் பத்தால் பெருக்கி 170எக்ஸ் − 120ஒய் ≤ 0 என்று எழுதினால் அதே புள்ளிக்கு 10 கிடைக்கும். புள்ளியும் நகரவில்லை, கோடும் நகரவில்லை. அந்த எண்ணின் குறிதான் பக்கத்தைச் சொல்கிறது. அளவிலிருந்து தொலைவை அறிய வேண்டுமானால் மேலே செய்ததுபோல வகுத்தாக வேண்டும்.

கேள்வி: எக்ஸ் + ஒய் ≤ 6, எக்ஸ் − ஒய் < 2 ஆகிய இரண்டும் சேர்ந்து அமைக்கும் பகுதியின் மூலைப்புள்ளி (4, 2). மூலை என்பதால் அது எப்போதும் தீர்வில் சேரும்தானே? இவற்றையெல்லாம் தேர்வுக்கு அப்பால் யார் பயன்படுத்துகிறார்கள்? (ஒரு கல்லூரி மாணவி)

பதில்: சேராது. 4 + 2 = 6 ≤ 6 உண்மை; 4 − 2 = 2 < 2 பொய். தொகுப்பின் தீர்வாக வேண்டுமானால் ஒவ்வோர் அசமன்பாட்டையும் அந்தப் புள்ளி நிறைவு செய்ய வேண்டும். ஒன்றில் தவறினாலும் வெளியேதான். மூலையில் சந்திக்கும் இரு கோடுகளில் ஒன்று விட்டுவிட்டு வரைந்த கோடாக இருந்தாலே மூலை கைவிட்டுப் போகும்.

மூலைகளுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்பதில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் விடை இருக்கிறது. இருக்கும் வளங்களை வைத்து அதிகபட்சப் பயனையோ குறைந்தபட்சச் செலவையோ தேடும் கணக்குகளை நேரிய அசமன்பாடுகளின் தொகுப்பாக எழுதலாம் என்பதைச் சோவியத் ஒன்றியத்தின் லியோனிட் கன்டரோவிச் 1939-இல் காட்டினார். அமெரிக்கரான ஜார்ஜ் டான்ட்சிக் 1947-இல் உருவாக்கிய சிம்ப்ளெக்ஸ் முறை, அப்படிப்பட்ட பகுதியின் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு நகர்ந்து சிறந்த விடையைத் தேடுகிறது. எல்லைகள் மூடப்பட்ட பகுதியில் சிறந்த விடை ஒன்று மூலையில் கிடைத்தே தீரும் என்பதால் உள்ளே இருக்கும் எண்ணற்ற புள்ளிகளைத் தேட வேண்டியதில்லை. அந்தக் கணக்குகளில் '<' தவிர்க்கப்பட்டு '≤' பயன்படுத்தப்படுவதன் காரணம் உங்கள் (4, 2)-லேயே தெரிகிறது: மூலை தீர்வில் இல்லையென்றால், அதை எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கலாம், ஆனால் அடைய முடியாது. இத்துறைப் பணிகளுக்காகக் கன்டரோவிச்சுக்கும் த்யாலிங் கூப்மன்ஸுக்கும் 1975-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. தரவுகளை இரு வகைகளாகப் பிரிக்கக் கற்கும் இயந்திரங்களிலும், பிராங்க் ரோசன்பிளாட் 1958-இல் வெளியிட்ட பெர்செப்ட்ரான் தொடங்கி, அடிப்படைச் செயல் இதுவே: ஒரு புள்ளியைப் பிரதியிட்டு, கிடைக்கும் மதிப்பின் குறியைப் பார்ப்பது.

கேள்வி: புள்ளி அசமன்பாட்டை நிறைவு செய்கிறதா என்று பார்க்க ஒரு நிரல் எழுதினேன். எக்ஸ் + ஒய் ≤ 0.3 என்பதில் (0.1, 0.2)-ஐக் கொடுத்தால் 'இல்லை' என்கிறது. கணினியே கூட்டலில் தவறுமா? (ஒரு நிரலாளர்)

பதில்: கூட்டலில் தவறு என்பதைவிட, நீங்கள் கொடுத்த எண்களே உள்ளே வேறாகிவிட்டன என்பதே பொருந்தும். பெரும்பாலான கணினி மொழிகள், 1985-இல் வெளியான ஐஇஇஇ 754 என்ற தரத்தின்படி, பின்னங்களை இரும எண்களாகச் சேமிக்கின்றன. பத்தில் ஒரு பங்கு இரும முறையில் முடிவில்லாமல் நீளும். மூன்றில் ஒரு பங்கு நம் தசம முறையில் 0.333 என்று நீள்வதைப் போல. குறிப்பிட்ட இடத்தில் வெட்டிச் சேமிக்க வேண்டியிருப்பதால் 0.1, 0.2, 0.3 மூன்றுமே நுண்ணிய பிழையோடுதான் உள்ளே நிற்கின்றன. முதலிரண்டையும் கூட்டினால் 0.30000000000000004 என்று கணினி காட்டும். அது தன்னிடம் உள்ள 0.3-ஐ விடப் பெரியதாகிவிடுகிறது. தன்னிடம் உள்ள எண்களுக்கு அது சொன்ன விடை சரியே.

இந்தச் சிக்கல் எல்லைக்கோட்டின் மேலும் அதை ஒட்டியும் உள்ள புள்ளிகளில் மட்டுமே தலைகாட்டும், (0.1, 0.1)-க்கு உங்கள் நிரல் சரியாகவே 'ஆம்' என்று சொல்லும். கூடுமானவரை முழு எண்களில் கணக்கிடுவது முதல் வழி: எல்லாவற்றையும் பத்து மடங்காக வைத்துக்கொண்டு, 1 + 2 ≤ 3 என்று சோதித்தால் விடை ஐயத்துக்கு இடமின்றி 'ஆம்'. அல்லது பின்னங்களைத் தொகுதி, பகுதி என்று தனித்தனி முழு எண்களாகவே கையாளும் ஆயத்த நிரல் தொகுப்புகள் (நூலகங்கள்) பல கணினி மொழிகளில் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்தலாம். இரண்டும் இயலாதபோது, வலப்பக்கத்தோடு மிகச் சிறிய ஓர் எண்ணைக் கூட்டி, அந்த அளவுக்கு விட்டுக்கொடுத்துச் சோதிப்பது வழக்கம். அப்படிச் செய்தால் '<', '≤' என்ற வேறுபாடு உங்கள் நிரலில் இல்லாமல் போய்விடும் என்பதை அறிந்தே செய்யுங்கள். அந்தச் சிறிய எண்ணைக் கூட்டுவதா, கழிப்பதா என்பதையும் கணக்கின் தன்மையே முடிவு செய்யும்: எல்லையைத் தாண்டவே கூடாத பாதுகாப்பு வரம்பு ஒன்றைச் சோதிக்கிறீர்கள் என்றால், வலப்பக்கத்திலிருந்து கழித்து எல்லையைச் சற்று உள்ளே இழுத்து வையுங்கள், தகுதியுள்ள ஒரு புள்ளியும் விடுபடக் கூடாது என்றால் கூட்டிக்கொள்ளுங்கள்.